ஆசாரிய சத்தியேந்திரநாத் போஸ்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே இந்நாளில் எழுந்து நிற்கும் தொழிற்சாலைகளின் திறமையெல்லாம் ஒன்றைப் போலவே மற்றொன்றைச் செய்து தருவதில் அடங்கியிருக்கிறது. பிள்ளைப்பாக்கத்துத் தொழிற்பேட்டை போன்ற ஓரிடத்தில், ஒரே அச்சிலே பிறந்த இரண்டு திருகாணிகளை எடுத்துக்கொள்வோம். நிறை, நீளம், புரி, பளபளப்பு யாவும் ஒன்றே. நாம் கண்ணை மூடியிருக்கும் சமயத்தில் ஒருவர் அவற்றை இடம் மாற்றி வைத்துவிட்டால், கண்ணைத் திறந்ததும் நமக்கு யாதொரு வேற்றுமையும் தோன்றாது. ஆயினும் ஏதோ ஒன்று நடந்துதான் இருக்கிறது. இது அங்கே போயிற்று. அது இங்கே வந்தது. நமக்குத் தெரியாமற்போனது நம்முடைய குறை என்றே எவரும் சொல்வர். பிரபஞ்சத்தின் அடித்தளத்திலுள்ள பொருள்களைப் பற்றி இவ்வாறு சொல்லுதல் கூடாது என்று உலகத்தாரை ஒப்புக்கொள்ளச் செய்த கணக்கு இந்தியர் ஒருவருடையது. 1924ஆம் வருஷத்தில் டாக்கா சர்வகலாசாலையில் ரீடராக இருந்த சத்தியேந்திரநாத் போஸ் என்பார் அவர்.

அவருடைய பெயரை அறியாதார் இல்லை. ஆயினும், அவர் செய்தது யாது என்று வினவினால், ஐன்ஸ்டைனுக்குக் கடிதம் எழுதியவர் என்ற அளவிலே நம்மவரிற் பெரும்பாலார் நின்றுவிடுகின்றனர். கடிதம் எழுதுதல் எவர்க்கும் கூடும். அக்கடிதத்துடன் சென்ற நான்கு பக்கங்களில் என்ன இருந்தது என்பதையே நாம் இங்கு ஆராய விரும்புகிறோம்.

போஸ் 1894ஆம் வருஷம் ஜனவரி 1ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் சுரேந்திரநாத், ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயில் உத்தியோகம் வகித்தவர். ஏழு குழந்தைகளில் சத்தியேந்திரரே மூத்தவர். ஏனைய அறுவரும் பெண்கள். ஹிந்து பள்ளியில் படித்து, 1909இல் பிரஸிடென்ஸி கலாசாலையிற் சேர்ந்தார். வங்கப் பிரிவினையால் மூண்ட கொதிப்பு இன்னும் அடங்காத காலம் அது. ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கே ஆசிரியர்கள். உடன் படித்தவர்களில் ஒருவர், 1905இல் கவர்னரின் வருகையைப் பகிஷ்கரித்ததற்காகப் பள்ளியையும் உபகாரச் சம்பளத்தையும் இழந்த ஏழை மாணவர் மேகநாத் சாஹா. 1913இல் பி.எஸ்ஸி. பரீட்சையிலும் 1915இல் எம்.எஸ்ஸி. பரீட்சையிலும் போஸ் முதலாவதாகவும் சாஹா இரண்டாவதாகவும் தேறினர். இத்தகைய இருவர் ஒரே வகுப்பில் அமர்ந்திருந்தது அக்கலாசாலையின் பாக்கியம் என்றே சொல்லவேண்டும்.

சர் அசுதோஷ் முகர்ஜி தாம் நிறுவிய விஞ்ஞானக் கலாசாலையில் இவ்விருவரையும் உபாத்தியாயர்களாக நியமித்தார். கற்பிக்கவேண்டிய புதிய சாஸ்திரமோ ஜெர்மன் பாஷையில் இருந்தது; யுத்த காலமாதலால் நூல்கள் கிடைப்பதும் அரிதாயிருந்தது. புரூல் என்ற பேராசிரியரிடம் புத்தகங்களை இரவல் பெற்று, அந்தப் பாஷையையும் கற்றுக்கொண்டு, அவர்கள் பாடம் நடத்தினார்கள். சார்புநிலைத் தத்துவத்தைப் பற்றிய ஐன்ஸ்டைன், மிங்கோவ்ஸ்கி இருவருடைய மூலக் கட்டுரைகளையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். அத்தொகுதியைக் கல்கத்தா சர்வகலாசாலை 1920இல் வெளியிட்டது. லண்டனில் அத்தகைய தொகுதி வெளிவந்தது 1923இல்தான். நமது தேசத்துக்கு விஞ்ஞானம் ஆங்கிலேயரின் தயவினால் மட்டுமே வந்தது என்று இன்றும் எண்ணுவோர் இவ்விரு வருஷங்களையும் மனத்திற் கொள்வார்களாக.

1921இல் டாக்காவில் புதிய சர்வகலாசாலை தொடங்கப்பட்டபோது போஸ் அங்கே ரீடராகச் சென்றார். பிளாங்க் என்ற ஜெர்மானிய அறிஞர் 1900ஆம் வருஷத்தில் கண்டுபிடித்த விதியை மாணாக்கர்க்குக் கற்பிக்கவேண்டியிருந்தது. கொல்லன் உலையில் இட்ட இரும்பு முதலில் சிவந்து, பின்பு மஞ்சளாகி, முடிவில் வெண்மையாக ஒளிர்வதை நாம் கண்டிருக்கிறோம். எவ்வளவு வெப்பத்தில் எந்த நிறத்து ஒளி எத்துணை அளவு வெளிப்படும் என்பதை அவ்விதி கூறும். பரீட்சைச்சாலையின் அளவைகளுக்கு அது முற்றும் பொருந்தியது. ஆனால் அவ்விதியை நிரூபித்த வழியில் ஓர் ஊனம் இருந்தது. நிரூபணத்தின் ஒரு பாதி ஒளியை அலை என்று கொண்ட பழைய கொள்கையினின்றும், மற்றொரு பாதி சக்தி துண்டு துண்டாகவே மாறும் என்ற புதிய கொள்கையினின்றும் எடுக்கப்பட்டிருந்தன. வழக்கின் முற்பகுதியில் ஒரு சாட்சியை நம்பும்படி கேட்டு, பிற்பகுதியில் அதே சாட்சியைப் பொய்யன் என்று வாதிக்கும் வக்கீலை எந்த நீதிபதியும் பொறுக்கமாட்டார். பௌதிக சாஸ்திரமோ கால் நூற்றாண்டுக் காலம் பொறுத்துக்கொண்டிருந்தது. 1924இன் முற்பகுதியில் டாக்காவுக்கு வந்து போஸுடன் தங்கிய சாஹா, இவ்விஷயமாக ஐரோப்பாவில் வெளிவந்திருந்த கட்டுரைகளை அவருக்குச் சுட்டிக்காட்டினார்.

போஸ் அலையை அறவே கைவிட்டார். ஒளியைத் துகள்களால் ஆகிய ஒரு வாயுவாகக் கொண்டார். துகளின் இடத்தையும் வேகத்தையும் சேர்த்துக் குறிக்கும் கணித வெளியை, பிளாங்க் கண்ட மாறிலியின் மும்மடிப் பெருக்கமே அளவாக, சிறு அறைகளாகப் பகுத்தார். பின்பு, வெறுமையாக உள்ள அறைகள் எத்தனை, ஒரு துகள் உள்ள அறைகள் எத்தனை, இரண்டு துகள் உள்ள அறைகள் எத்தனை என்று எண்ணினார். எந்தத் துகள் எந்த அறையில் என்ற வினாவை அவர் எழுப்பவே இல்லை. அவ்வளவுதான். பிளாங்கின் விதி முழுமையாக அவர் கையில் வந்து விழுந்தது.

இதன் ஆழம் மேலே கண்ட திருகாணிகளைக் கொண்டு பார்த்தால் விளங்கும். இரண்டு திருகாணிகளை இரண்டு தட்டுகளில் கண்மூடிப் போடுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் இடத்தட்டில் விழலாம். இரண்டும் வலத்தட்டில் விழலாம். இது இடத்திலும் அது வலத்திலும் விழலாம். அது இடத்திலும் இது வலத்திலும் விழலாம். ஆக வழிகள் 4. இரண்டும் ஒரே தட்டில் சேர்ந்திருப்பதற்குரிய வாய்ப்பு 4இல் 2, அதாவது பாதி. திருகாணிகள் எவ்வளவு ஒத்திருந்தாலும் ஆயிரம் தடவை போட்டுப் பார்த்தால் இக்கணக்கே மெய்ப்படும். ஒளித்துகள்களுக்குப் போஸ் போட்ட கணக்கிலோ கடைசி இரண்டு வழிகளும் ஒரே வழி. ஆகவே வழிகள் 3. சேர்ந்திருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. இனம் இனத்தோடே சேரும் என்று நம்மவர் சொல்லும் வார்த்தை ஒளித்துகள் விஷயத்தில் கணிதமாகவே ஆகிவிடுகிறது. திருகாணிக் கணக்கை ஒளிக்குப் பிரயோகித்தால் கிடைப்பது வியன் என்பாருடைய பழைய விதி. நீண்ட அலைகளையுடைய வெப்பக் கதிர்களில் அவ்விதி பொய்த்துப் போவதை 1900இலேயே பெர்லினில் அளந்து கண்டிருந்தனர். எனவே எந்தக் கணக்கு சரி என்பது மனிதரின் ருசியைப் பொறுத்ததன்று. உலை தீர்ப்புச் சொல்லிவிட்டது.

போஸ் வகுப்பில் தவறுதலாக ஒரு கணக்குப் போட்டார், அதுவே பெரிய கண்டுபிடிப்பாக முடிந்தது என்று ஒரு கதை புத்தகங்களில் உலவுகிறது. அக்கட்டுரையை வாசித்தவர் எவரும் இதை நம்ப நியாயமில்லை. அறைகளை அமைத்த முறையும் அவற்றை எண்ணிய முறையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. கைதவறியவன் இவ்வாறு நெய்வதில்லை. ஆயினும், தாம் எண்ணிய முறையில் எத்துணைப் பெரிய புதுமை அடங்கியிருந்தது என்பதைத் தாம் அப்போது உணரவில்லை என்று அவரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். பெரியோர் பலர் இவ்வளவு நேர்மை காட்டியதில்லை.

கட்டுரையை முதலில் லண்டனில் வெளிவந்த ஃபிலஸாபிகல் மாகஸீன் என்ற பத்திரிகைக்கு அனுப்பினார். அதில் அது வெளிவரவில்லை. 1924 ஜூன் 4ஆம் தேதி அதை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பி, தகுதியுடையதாகத் தோன்றினால் ஜெர்மன் பத்திரிகையில் வெளியிட ஏற்பாடு செய்யும்படி வேண்டினார். ஐன்ஸ்டைன் தாமே அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, இது முக்கியமான முன்னேற்றம் என்று ஒரு குறிப்பும் சேர்த்து, ஸைட்ஷ்ரிஃப்ட் ஃபூர் ஃபிஸிக் என்ற சஞ்சிகையில் அவ்வருஷமே வெளியிட்டார். அன்றியும், ஒளிக்குரிய இந்த முறையை அணுக்களாலான வாயுவுக்கும் விரித்து, மிகக் குளிர்ந்த நிலையில் அணுக்கள் யாவும் ஒரே நிலையில் வந்து திரளும் என்று முன்கூட்டியே கூறினார்.

இங்கேதான் தத்துவ விசாரம் தொடங்குகிறது. எரென்ஃபெஸ்ட் என்ற அறிஞர் ஐன்ஸ்டைனை மறித்தார். துகள்கள் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே இருக்கின்றன என்றால் வழிகள் 4 ஆகவேண்டும். 3 என்று எண்ணுவது, துகள்கள் ஏதோ ஒரு வகையில் ஒன்றையொன்று அறிந்திருப்பதாகக் கொள்வதன்றோ என்பது அவர் கட்சி. ஐன்ஸ்டைன் இதை மறுக்கவில்லை. இன்னதென்று விளங்காத பரஸ்பர பாதிப்பு ஒன்று இக்கணக்கில் மறைந்திருக்கிறது என்று 1925இல் தம் கட்டுரையிலேயே எழுதினார்.

பிரச்னை யாதென்று தெளிவாக்கிக்கொள்வோம். நாற்புறமும் ஒத்த ஒரு புள்ளிக் கோலத்தைக் கால் சுற்றுத் திருப்பினால் கோலம் மாறுவதில்லை. ஒன்றைச் செய்தபின்பும் ஒன்றும் மாறாதிருத்தலையே பௌதிகர் சமச்சீர் என்பர். இன்று விதிகள் எவ்வாறோ நாளையும் அவ்வாறே என்னும் சமச்சீரிலிருந்து சக்தி அழியாது என்னும் விதி பிறக்கிறது என்று 1918இல் எம்மி நோதர் அம்மையார் நிரூபித்த பின்பு, பௌதிக சாஸ்திரம் பெரிதும் சமச்சீர்களின் சாஸ்திரமாகவே ஆகிவிட்டது. ஆனால் சமச்சீரில் இரண்டு வகை உண்டு. கோலத்தைத் திருப்புவது உலகில் நிகழும் ஒரு செயல். கோலமிட்ட பலகை மெய்யாகவே திரும்புகிறது. முடிவு மட்டும் முன்போல் இருக்கிறது. மற்றொரு வகையை வக்கீல்களும் கணக்குப் பிள்ளைகளும் நன்கு அறிவர். அடுத்தடுத்த இரண்டு மனைகளின் சர்வே எண்களைப் பதிவேட்டில் மாற்றி எழுதிவிட்டால், நிலம் ஓரங்குலமும் அசைவதில்லை. மாறியது ஏடு மட்டுமே. இரண்டு ஒளித்துகள்களை இடம் மாற்றுதல் இவ்விரண்டில் எந்த வகை? கோலத்தைத் திருப்புவது போன்ற மெய்ச்செயல் என்றால், மாற்றுமுன் ஒரு நிலை, மாற்றியபின் ஒரு நிலை என்று இரண்டாக எண்ணவேண்டும். உலை ஒன்றாகவே எண்ணுகிறது. ஆகவே நாம் துகள்களுக்கு இட்ட பெயர்கள் ஏட்டில் உள்ளவை, நிலத்தில் இல்லாதவை என்று கொள்வதே நேரான வழியாகத் தோன்றுகிறது.

எண்ணிக்கை உண்டு, தனித்தனி அடையாளம் இல்லை என்பது அவ்வளவு விபரீதமான கருத்தா? நகையை அடகு வைத்தவன் அந்த நகையையே திரும்பக் கேட்பான். ஒரு படி அரிசியைக் கைமாற்றாகக் கொடுத்தவன் அதே மணிகளைக் கேட்பதில்லை. பாங்கிக் கணக்கில் தகப்பன் போட்ட 500 ரூபாயும் மகன் போட்ட 500 ரூபாயும் சேர்ந்து ஆயிரமாக இருக்கையில் 500ஐ எடுத்தால், எடுத்தது எவருடைய ரூபாய் என்பதற்கு ரூபாயில் விடையில்லை. அதனால்தான் 1816இல் ஆங்கில நீதிமன்றம் கிளேட்டன் வழக்கில், முதலில் போட்டது முதலில் எடுக்கப்பட்டதாகக் கொள்க என்று தானே ஒரு விதியை வகுக்க நேர்ந்தது. ரூபாய்க்கு அடையாளம் இருந்திருந்தால் அவ்விதிக்குத் தேவையே இராது. ஒளித்துகள்களின் உலகத்தில் அத்தகைய விதியை வகுத்துத் தரும் நீதிமன்றமும் இல்லை.

தத்துவ சாஸ்திரிகளுக்கோ இது பழைய வழக்கு. எல்லாக் குணங்களிலும் ஒத்த இரு பொருள்கள் இருக்கவே முடியாது, அவை ஒன்றேயாம் என்று லைப்னிட்ஸ் சாதித்தார். இரண்டு இலைகளேனும் முற்றும் ஒத்திருப்பதைக் காண ஒரு கனவான் ஹெரன்ஹவுஸன் தோட்டமெங்கும் தேடி அலைந்து தோற்ற கதையை அவர் எழுதியிருக்கிறார். நமது தேசத்தில் கணாதரின் வழிவந்த வைசேஷிகர் இதற்கு நேர்மாறாகச் சென்றனர். ஒரே இனத்து அணுக்கள் குணத்தில் முற்றும் ஒத்தவை. எனினும் ஒவ்வொன்றிலும் விசேஷம் என்ற ஒரு தனித்தன்மை நித்தியமாக உறைந்திருக்கிறது. அதனாலேயே யோகியர் அவற்றைப் பிரித்தறிவர் என்பது அவர்கள் சித்தாந்தம். தரிசனத்தின் பெயரே அந்தச் சொல்லிலிருந்து வந்ததுதான். போஸின் தாயகமாகிய வங்காளத்தில் நவத்வீபத்துத் தார்க்கிகர் ரகுநாத சிரோமணி அந்த விசேஷத்தைத் தள்ளிவிட்டு, அணுக்கள் தாமாகவே வேறுபட்டவை, அதற்கென்று தனிப் பதார்த்தம் வேண்டாம் என்று வாதித்தார். போஸின் கணக்கோ இம்மூவருக்கும் சங்கடமாக முடிகிறது. துகள்கள் பல, அதனால் லைப்னிட்ஸ் இடறுகிறார். வேறுபாட்டைக் கணக்கில் சேர்த்தால் உலையோடு முரண்படுகிறது; அதனால் விசேஷத்துக்கும் தாமே வேறுபடுவதற்கும் வேலையில்லாமற் போகிறது.

ஆயினும் வழக்கு இன்னும் முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1926இல் பெர்மியும் டிராக்கும் மற்றொரு இனத்தைக் கண்டனர். எலெக்ட்ரான் போன்றவற்றில் இரண்டை இடம் மாற்றினால், நிலையைக் குறிக்கும் அலைச்சார்பின் குறி மட்டும் எதிராக மாறும். ஆகவே இரண்டு எலெக்ட்ரான்கள் ஒரே நிலையில் இருத்தல் இயலாது. பூமியும் நம் உடலும் நசுங்காமல் இருப்பது அதனாலேயே. போஸின் இனத்தில் குறியும் மாறாது. இவற்றுக்குப் போஸான் என்று டிராக் பெயரிட்டார். துகள்களுக்கு அடையாளம் உண்டு, சில நிலைகளில் புகும் உரிமை மட்டும் அவற்றுக்கு மறுக்கப்பட்டிருக்கிறது என்று வாதிப்போர் இன்றும் உளர். கணித அளவில் அவர்களை மடக்க முடியாது. ஐன்ஸ்டைன் கூறிய பரஸ்பர பாதிப்பு வேறு உருவில் அங்கே திரும்ப வருகிறது. ஆக்ஸ்போர்டின் சைமன் சாண்டர்ஸ் என்பார் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், எலெக்ட்ரான்களை அவற்றின் எதிரெதிரான உறவினால் மட்டுமேனும் இரண்டு என்று சொல்லலாம், மூலப் போஸான்களுக்கு அதுவும் கூடாது என்று வாதித்தார். அவரையும் மறுத்தோர் உண்டு. உலகத்தில் காணாத ஓர் அடையாளத்தைக் கற்பித்து, உடனே அதைப் பயன்படுத்தலாகாது என்று தடையும் விதிப்பது வீண் சிரமம் என்பதே நமது அபிப்பிராயம்.

இவ்வினாவைப் போஸின் கையிலேயே ஒருமுறை கொடுத்துப் பார்த்தார்கள். ஐன்ஸ்டைன் எழுதிய ஒரு கார்டைக் காட்டியதும் சர்வகலாசாலை அவருக்கு இரண்டு வருஷ விடுமுறையும் பொருளுதவியும் தந்தது. 1924 அக்டோபரில் பாரிஸ் சேர்ந்து ஒரு வருஷம் தங்கினார். 1925 அக்டோபரில் பெர்லின் சென்று ஐன்ஸ்டைனைக் கண்டார். இதற்கிடையில் போஸின் இரண்டாவது கட்டுரையை வெளியிட்ட ஐன்ஸ்டைன், அதன் கருத்தை மறுத்து அதனடியிலேயே குறிப்பு எழுதிவிட்டார். புதிய கணக்குமுறை ஒளித்துகள்களுக்கிடையே புதுவகைத் தொடர்பைக் குறிக்கிறதா என்று ஆராயும்படி போஸிடம் அவர் கூறினார். மேலே நாம் எழுப்பிய வினா இதுவே. போஸ் அதைப் பற்றி ஒன்றும் வெளியிடவில்லை. அதற்குப்பின் பல வருஷங்கள் அவர் எழுதியதே சொற்பம். புகழின் உச்சியில் இருந்தவர் மௌனமானது ஏன் என்று பலர் பலவாறு ஊகித்திருக்கின்றனர். நாம் அதில் புக விரும்பவில்லை.

அவரது முதற்கட்டுரையில் மற்றொரு வித்தும் இருந்தது. அறைகளின் எண்ணிக்கையை 2ஆல் பெருக்கினாலன்றி விதி கிடைக்கவில்லை. அச்சிட்ட கட்டுரையில் அதற்கு ஒளியின் அதிர்வுத் திசைகள் இரண்டு என்பது காரணமாகக் காட்டப்பட்டது. ஒளித்துகளுக்குத் தற்சுழற்சி உண்டு என்றே தாம் எழுதியதாகவும், ஐன்ஸ்டைன் அதை அடித்துவிட்டதாகவும் போஸ் முதுமையில் நெருங்கியவர்களிடம் கூறியதாகச் சொல்லப்படுகிறது. அத்தற்சுழற்சியைப் பரீட்சை மூலம் காட்ட முனைந்தவர் நமது திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன். 1931இல் பகவந்தத்துடன் சேர்ந்து வெளியிட்ட கட்டுரையில், போஸுக்கு அந்த 2 தேவைப்பட்டதை அவர் எடுத்துச் சொல்லியே தொடங்கினார்.

போஸ் 1926இல் டாக்காவுக்குத் திரும்பினார். டாக்டர் பட்டம் இல்லாதவராதலால், பேராசிரியர் பதவிக்கு ஐன்ஸ்டைனின் சிபாரிசு வேண்டியிருந்தது! 1945 வரை அங்கேயும், பின்பு 1956 வரை கல்கத்தாவில் கைரா பேராசிரியராகவும் இருந்தார். 1937இல் ரவீந்திரநாத் தாகூர் தாம் எழுதிய விசுவ பரிசயம் என்ற விஞ்ஞான நூலை அவருக்கே சமர்ப்பித்தார். 1948இல் போஸ் வங்கீய விஞ்ஞான பரிஷத்தை நிறுவி, ஞானமும் விஞ்ஞானமும் என்று பொருள்படும் பெயரில் வங்காளிப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கினார். உயர்தர விஞ்ஞானத்தையும் தாய்மொழியிலேயே கற்பிக்கலாம் என்பது அவரது தளராத கொள்கை. அது முடியாது என்போர் ஒன்று அந்தப் பாஷையை அறியார், அல்லது அந்தச் சாஸ்திரத்தை அறியார் என்ற கருத்தை அவர் ஒளிக்காமல் சொல்லிவந்தார். தமிழில் ராஜாஜி ரஸாயனத்தைத் திண்ணைக்குக் கொண்டுவந்தார், பெ. நா. அப்புஸ்வாமி ஆயுள் முழுவதும் விஞ்ஞானம் எழுதினார். அவர்களுக்குப் பின் நம்மிடையே அவ்வழியில் வந்தோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் வெட்கமே மிஞ்சுகிறது.

1952இல் ராஜ்ய சபையின் நியமன அங்கத்தினர், 1954இல் பத்ம விபூஷண், 1956இல் விசுவபாரதியின் துணைவேந்தர், 1958இல் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினர், 1959இல் தேசியப் பேராசிரியர் என்று பதவிகளும் விருதுகளும் பிற்காலத்தில் வந்தன. நோபெல் பரிசுக்கு 1956, 1959, 1962 ஆகிய வருஷங்களில் அவர் பெயர் அனுப்பப்பட்டது; ஸ்வீடனில் அதைப் பரிசீலித்த ஆஸ்கர் கிளைன் தகுதி போதாது என்று எழுதிவிட்டார். போஸ் இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. மாலை வேளைகளில் எஸ்ராஜ் வாசித்துக்கொண்டும், வந்தவர்களோடு எந்த விஷயமாயினும் பேசிக்கொண்டும் இருந்தார். 1974 ஜனவரியில் கல்கத்தாவில் அறிஞர்கள் கூடி, அவரது 80ஆவது பிறந்த நாளையும் அவரது கணக்கின் 50ஆவது வருஷத்தையும் கொண்டாடினார்கள். மறுமாதம் 4ஆம் தேதி அவர் காலமானார்.

அதற்கு 21 வருஷங்களுக்குப் பின், 1995 ஜூன் மாதத்தில், அமெரிக்காவின் போல்டர் நகரில் கார்னெல், வைமன் என்ற இருவர் ருபீடிய வாயுவைக் குளிர்வித்தனர். ஒரு பாகையைக் கோடி கூறிட்டால் அவற்றுள் இரண்டு கூறுக்கும் குறைவான வெப்பமே அதில் மிஞ்சியபோது, ஏறக்குறைய 2000 அணுக்கள் தத்தம் வழியை விட்டு ஒரே நிலையில் திரண்டன. 2000 என்று அவற்றை எண்ண முடிந்தது. அவற்றுள் இது எது, அது எது என்று கேட்டதற்கு அந்தப் பரீட்சைச்சாலையில் விடை கிடைக்கவில்லை.